வாசலில் வைக்க வேண்டிய வேட்டி

ஊத்துக்கோட்டையைத் தாண்டியதும் கடைப் பலகைகளில் எழுத்து தெலுங்காக மாறுகிறது. பேச்சு அவ்வளவு சீக்கிரம் மாறுவதில்லை. சுருட்டப்பள்ளியில் பள்ளிகொண்ட சிவனைப் பார்த்துவிட்டு வந்து டீ கேட்டால், தமிழில்தான் சர்க்கரை போதுமா என்று கேட்கிறார்கள். அங்கிருந்து நாகலாபுரம், பிச்சாட்டூர் என்று வண்டி வடக்கே ஏற ஏறத்தான் தெலுங்கு மெல்ல மேலே வருகிறது. காளஹஸ்திக்குப் போய்ச் சேர்ந்து, திருப்பதி சாலையில் திரும்பினால் ஏர்பேடு.

திருப்பதியிலிருந்து காளஹஸ்திக்கு ரயிலில் போன தமிழர்கள் இந்த ஊரை ஜன்னல் வழியாகப் பார்த்திருப்பார்கள். ரேணிகுண்டாவிலிருந்து கூடூர் போகும் பாதையில், காளஹஸ்திக்கு முன்னால் வரும் சிறிய நிலையம். நாயுடுபேட்டைச் சாலையும் வெங்கடகிரிச் சாலையும் இங்கேதான் சேர்கின்றன. சித்தூர் மாவட்டத்தில் இருந்த மண்டலம். 2022 ஏப்ரலில் மாவட்டங்களைப் பிரித்தபோது திருப்பதி மாவட்டத்துக்கு வந்தது. இன்று ஏர்பேடு என்றால் மாணவர்களுக்கு நினைவுக்கு வருவது வேறு. 2015இல் தொடங்கிய திருப்பதி ஐ.ஐ.டி.யும், அதே ஆண்டு தொடங்கிய ஐசர் என்ற அறிவியல் கல்வி நிறுவனமும் நிரந்தர வளாகம் கட்டிக்கொண்ட இடம் இது.

என் அக்கா மகன் இங்கே படிக்கிறான். அவனையும் கூட்டிக்கொண்டு குடிமல்லம், காளஹஸ்தி, திருமலை என்று ஒரு சுற்றுப் போய்வருவதாகத் திட்டம். வளாக வாசலில் வண்டியில் ஏறியவனைப் பார்த்ததும் அக்கா கேட்ட முதல் கேள்வி, "வேட்டி எடுத்து வைன்னு சொன்னேனே, எங்கடா?"

"வேட்டி ஏதும்மா ஹாஸ்டல்ல? யார்கிட்டயாவது வாங்கிக்கலாம், இல்லன்னா அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும்."

"இரவல் சீலையை நம்பி இடுப்புக் கந்தையை எறியாதேன்னு பாட்டி சொல்லுவா. கோயிலுக்குமா இரவல்?"

"கோயில் என்னம்மா, எங்க வேலையே இரவல்லதான் நடக்குது. மாமா, இன்டர்வியூ சீசன்ல எங்க மாடியில இருக்கிற ஒரே நல்ல பிளேசர் எத்தனை பேர் உடம்புல ஏறி இறங்கும் தெரியுமா? அடுத்தவனுக்குக் கொடுக்கிறதுக்கு முன்னாடி அயர்ன் பண்ணிடணும். அதுதான் ரூல்."

விடுதிக்கு விடுதி இது நடக்கிறது. கம்பெனிக்காரர்கள் வரும் நாளில் கோட்டு வேண்டும்; மற்ற நாள் முழுக்க அது அலமாரியில் தூங்கும். வருடத்தில் ஒரு நாளுக்காக ஆயிரக்கணக்கில் செலவழிக்க எல்லா வீட்டாலும் முடியாது. கோட்டு மாடி மாடியாக நடந்தால் யாருக்கும் குறை இல்லை. அந்தப் பையன்கள் வைத்திருக்கும் ஒரே விதியைத்தான் அன்று முழுவதும் யோசித்துக்கொண்டே வந்தேன்.

ஏர்பேடு மண்டலத்துக்குள்ளேயே பாப்பாநாயுடுபேட்டை இருக்கிறது. கண்ணாடி மணி செய்த ஊர். உருக்கிய கண்ணாடிக் குழம்பிலிருந்து உள்ளே துளை உள்ள நீளக் குழலாக இழுத்து, அதைப் பொடிப்பொடியாக நறுக்கி, மறுபடி சூடேற்றி முனை மழுக்கினால் மணி. அரிக்கமேட்டில் கிடைத்த பழங்கால மணிகளும் இப்படி இழுத்துச் செய்தவைதான் என்பதால், பழைய கைவினைகளை ஆராய்பவர்கள் இந்தச் சிற்றூரைத் தேடி வந்தார்கள். உடுத்துவதும் அணிவதும் இந்த வட்டாரத்துக்குப் புதிதில்லை.

அதற்கு இன்னும் பெரிய சாட்சி பக்கத்தில் இருக்கும் குடிமல்லம். சுவர்ணமுகி ஆற்றங்கரையில் பரசுராமேசுவரர் கோயில். பின்புறம் யானையின் முதுகு போல வளைந்த, நம் கல்வெட்டுகள் தூங்கானை மாடம் என்று சொல்லும் அமைப்பு. கருவறைத் தரை தாழ்ந்திருக்கிறது. பள்ளத்துக்குள் நிற்கும் லிங்கத்தை எட்டிப் பார்க்க வேண்டும். ஏறத்தாழ ஓர் ஆள் உயரம். அதன் முன்புறத்தில் சிவன் நின்ற கோலத்தில் செதுக்கப்பட்டிருக்கிறார். காலடியில் குறுகி உட்கார்ந்த ஒரு குள்ள உருவம். வலக்கையில் தலைகீழாகத் தொங்கும் ஆட்டுக்கடா, இடக்கையில் சிறு பாத்திரம், இடத் தோளில் மழு. மார்பில் பூணூல் இல்லை. கி.மு. இரண்டு அல்லது ஒன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பது அறிஞர்கள் பலரின் கணிப்பு. இன்றும் பூசையில் இருக்கும் லிங்கங்களில் மிகப் பழையவற்றுள் ஒன்று.

நான் நெடுநேரம் பார்த்தது இடுப்பை. முறுக்கிய துணியால் கட்டிய அரைக்கச்சு. அதன் கீழே இரு தொடைகளையும் ஒட்டிய மெல்லிய ஆடை. நடுவில் மடிப்பு மடிப்பாகத் தொங்கும் கொசுவம். துணி எவ்வளவு மெல்லியது என்பதைக் காட்ட, உடம்பு முழுவதும் தெரியும்படி செதுக்கியிருக்கிறான் சிற்பி. கருங்கல்லில் அந்தக் கொசுவத்தின் விளிம்புகூடத் தனியாகத் தெரிகிறது. மருமகனைக் கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்து பார்த்துவிட்டு, "வேட்டிதான் மாமா இது" என்றான். இரண்டாயிரம் ஆண்டுகளாக இந்த ஊர்ச் சாமி வேட்டியில் நிற்கிறார்.

காளஹஸ்திக்குத் திரும்பினோம். கிருஷ்ணதேவராயர் 1516இல் எழுப்பிய ராஜகோபுரம் 2010 மே 26 அன்று இடிந்து விழுந்தது. அதே இடத்தில் புதிதாகக் கட்டிய கோபுரத்துக்கு 2017இல் குடமுழுக்கு நடந்தது. வாயுலிங்கத்தையும், ராகு கேது பூசைக்குக் கூடும் கூட்டத்தையும் பற்றித் தமிழர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நான் சொல்ல விரும்புவது பக்கத்துக் குன்றின் மேல் இருக்கும் கண்ணப்பரைப் பற்றி.

திண்ணனார் என்ற அந்தக் கண்ணப்பர் வேட்டைக்கு வந்த கோலத்திலேயே இந்தச் சாமியிடம் வந்தவர். காலில் செருப்பு, கையில் வில், வாயில் முகந்த நீர், இலையில் இறைச்சி. லிங்கத்தின் மேல் இருந்த பூவைச் செருப்புக் காலால் ஒதுக்கினார் என்று பெரியபுராணம் சொல்கிறது. முறைப்படி பூசை செய்துவந்த சிவகோசரியார் அதைக் கண்டு துடித்தார். இறைவன் அந்த வேடனை ஏற்றுக்கொண்டான், சிவகோசரியாரையும் தள்ளவில்லை. ஒளிந்திருந்து பார்க்கச் சொல்லி அன்பு இன்னதென்று காட்டினான். இந்த மலையடியில் நின்றுகொண்டு உடைக்காக ஒருவரை வாசலில் திருப்பி அனுப்புவது பற்றி யோசித்தால் மனசு சங்கடப்படத்தான் செய்கிறது. கண்ணப்பர் அறுபத்துமூவரில் ஒருவர். அவருக்கு எந்த உடை விதியும் இல்லை.

அதற்காக உடை விதியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. திருமலையில் மகாத்துவாரம் கடந்து உள்ளே போனதும் பிரதிமை மண்டபத்தில் கிருஷ்ணதேவராயர் இரண்டு தேவிகளோடு கைகூப்பி நிற்கிறார். செம்பு உருவங்கள். தலையில் விஜயநகர அரசவைக்கே உரிய உயரமான குல்லாய், இடுப்பில் வேட்டி. அதே அரசவையில் ராஜாவும் பிரபுக்களும் நீண்ட அங்கி அணிந்தார்கள் என்பதை ஓவியங்களும் பயணிகளின் குறிப்புகளும் சொல்கின்றன. சபைக்கு ஓர் உடை, சந்நிதிக்கு ஓர் உடை. இடத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்வது மனிதர்கள் ஓரிடத்துக்குத் தரும் மரியாதை. அதில் ஓர் அழகும் இருக்கிறது. கல்யாண வீட்டுக்குப் பட்டு கட்டிக்கொண்டு போகும் எவருக்கும் அந்தச் சந்தோஷம் தெரியும்.

திருமலையில் ஆர்ஜித சேவைக்கும் சிறப்பு நுழைவு தரிசனத்துக்கும் போகிறவர்கள் பாரம்பரிய உடையில் வர வேண்டும். ஆண்களுக்கு வேட்டி, உத்தரீயம் அல்லது குர்தா பைஜாமா. பெண்களுக்குப் புடவை, பாவாடை தாவணி அல்லது துப்பட்டாவோடு சுடிதார். டிக்கெட்டிலேயே அச்சிட்டிருக்கிறது. ஆனால் டிக்கெட்டைப் பதிவு செய்கிறவர் ஒருவர், வருகிறவர் நால்வர். வரிசைக்குப் பக்கத்தில் வந்த பிறகுதான் பலருக்கு விஷயம் தெரிகிறது. கீழே கடைத்தெருவில் நாங்கள் வேட்டிக் கடைக்குப் போனபோது எங்களுக்கு முன்னால் ஒரு குடும்பம் நின்றுகொண்டிருந்தது. அப்பாவும் இரண்டு பிள்ளைகளும் ஜீன்ஸில். மூன்று வேட்டி வாங்கி, பேன்ட்டுக்கு மேலேயே சுற்றிக்கொண்டார்கள். சின்னவனுக்கு வேட்டி தரையில் புரண்டது. அம்மா பணத்தை இரண்டு தடவை எண்ணிக் கொடுத்தார்.

எங்கள் முறை வந்தது. கடைக்காரர் மருமகனை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தமிழிலேயே கேட்டார்: "நாலு முழமா, எட்டு முழமா? ஒட்டிக்கோ கட்டிக்கோவும் இருக்கு."

"வாடகைக்குத் தருவீங்களாண்ணா?"

"வாடகையா? வாங்கிட்டுப் போங்க தம்பி, வீட்ல கட்டிக்கலாம்."

ஒட்டிக்கோ கட்டிக்கோ ஒன்று வாங்கினோம். இடுப்பில் பட்டையை இழுத்து ஒட்டினால் முடிந்தது. கட்டத் தெரியாத தலைமுறைக்கு நல்ல வசதி. கடைக்காரர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவர் பிழைப்பு விற்பது. ஆனால் அந்த அம்மா எண்ணிய ரூபாய் நோட்டுகள் மனசை விட்டுப் போகவில்லை. ஒரு மணி நேரம் கட்டப்போகும் மூன்று வேட்டிகள் அவை.

திருவனந்தபுரத்தில் பத்மநாப சுவாமி கோயிலுக்குப் போனவர்களுக்குத் தெரியும். அங்கே விதி இன்னும் கண்டிப்பு. ஆண்கள் சட்டை இல்லாமல் முண்டு மட்டும் கட்ட வேண்டும். சுடிதாரில் வரும் பெண்கள் அதற்கு மேல் ஒரு முண்டைச் சுற்றிக்கொள்ள வேண்டும். 2016 நவம்பரில் கோயில் நிர்வாக அதிகாரி சுடிதாருக்கு அனுமதி கொடுத்தார். அடுத்த மாதமே கேரள உயர்நீதிமன்றம் பழைய வழக்கமே தொடரட்டும் என்றது. விதி இவ்வளவு கண்டிப்பாக இருந்தும் அந்த வாசலில் யாரும் பெரிதாகத் தவிப்பதில்லை. காரணம், கோயிலைச் சுற்றி முண்டு வாடகைக்குக் கிடைக்கிறது. வாங்கி, சுற்றி, தரிசித்துவிட்டுத் திரும்பக் கொடுத்துவிட்டுப் போகலாம். பாலித் தீவின் பெரிய கோயில்கள் பலவற்றில் இடுப்பில் சுற்றும் சாரோங்கை வாசலிலேயே கொடுக்கிறார்கள். தென்கொரியத் தலைநகரில் இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறார்கள். அவர்கள் மரபுடையான ஹன்போக் அணிந்து வந்தால் கியோங்போக்குங் அரண்மனைக்கு நுழைவுச்சீட்டே வேண்டாம். சுற்றிலும் ஹன்போக் வாடகைக் கடைகள். வெளியூர்க்காரர்களும் பிள்ளைகளும் அதை உடுத்திக்கொண்டு உலாவுகிறார்கள். தடுத்து நிறுத்தாமலே ஓர் உடையை வாழவைக்க முடியும் என்பதற்கு அது சாட்சி.

கப்பல்காரர்களுக்கும் இந்தக் கணக்கு தெரியும். உல்லாசக் கப்பல்களில் சில இரவுகள் அலங்கார இரவுகள். கோட்டு, டை, நீள கவுன் என்று உடுத்திக்கொண்டு விருந்துக்குப் போக வேண்டும். பெட்டியில் கோட்டை மடித்து வைத்துச் சுமக்க யாருக்கும் ஆசை இல்லை. அதனால் அளவைச் சொல்லி முன்பதிவு செய்தால் வாடகைக் கோட்டு அறைக்கே வந்துவிடும் ஏற்பாடுகள் இருக்கின்றன. உடுத்த விருப்பமில்லாதவருக்குச் சாதாரண உடையில் சாப்பிட வேறோர் இடம் திறந்திருக்கும். உடை விஷயத்தில் பழமை மாறாத க்யூனார்ட் கப்பல்களில்கூட அந்த இரவுகளுக்கு அவரவர் நாட்டின் மரபுடை ஏற்கப்படுகிறது. பட்டு வேட்டி, சட்டை, அங்கவஸ்திரத்தோடு ஒரு தமிழர் அந்த விருந்துக் கூடத்துக்குள் தாராளமாகப் போகலாம்.

நம் ஊரில் நிலைமை எப்படி இருந்தது? 2014 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி ஹரிபரந்தாமன் ஒரு நூல் வெளியீட்டு விழாவுக்காகச் சேப்பாக்கம் கிரிக்கெட் சங்க கிளப்புக்குப் போனார். வேட்டி கட்டியிருந்ததால் உள்ளே விடவில்லை. வெள்ளைக்காரன் போன பிறகும் அவன் எழுதிவைத்த உடை விதி சென்னைக் கிளப்புகளில் உட்கார்ந்திருந்தது. சட்டமன்றம் கொதித்தது. அடுத்த மாதமே பொது இடங்களில் வேட்டிக்குத் தடை கூடாது என்று சட்டம் வந்தது. மீறினால் ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். மறுபக்கம், கோயில்களுக்குள் ஜீன்ஸும் அரைக்கால் சட்டையும் கூடாது என்ற நீதிமன்ற உத்தரவு 2016 ஜனவரி முதல் தேதி தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்து, சில நாளில் நிறுத்திவைக்கப்பட்டது. ஓரிடத்தில் வேட்டி கட்டியதால் வெளியே, இன்னோரிடத்தில் கட்டாததால் வெளியே. இரண்டிலும் வாசலில் நின்றவர் அவமானத்தோடுதான் திரும்பினார். ஒரு வேட்டியோ கோட்டோ அந்த நேரத்தில் கையில் கொடுக்க ஆள் இல்லை.

இரவல் உடையில் அவமானம் ஏதும் இல்லை என்பதை நம் ஊர்கள் ஒரு காலத்தில் நன்றாக அறிந்திருந்தன. சின்ன ஊர் போட்டோ ஸ்டூடியோக்களில் ஆணியில் ஒரு கறுப்புக் கோட்டு தொங்கும். புது மாப்பிள்ளை, வெளிநாட்டு வேலைக்கு விண்ணப்பிப்பவர், எஸ்.எஸ்.எல்.சி. முடித்த பையன் எல்லோரும் அதே கோட்டைப் போட்டுக்கொண்டு படம் எடுத்துக்கொண்டார்கள். அந்தப் படங்கள் இன்னும் வீட்டுச் சுவர்களில் இருக்கின்றன. பட்டமளிப்பு விழாவில் மேடையேறும் பிள்ளை அணியும் அங்கியும் பல கல்லூரிகளில் ஒரு நாள் வாடகைதான்; முன்பணம் கட்டி வாங்கி, சாயங்காலம் திருப்பிக் கொடுத்தால் பணம் கைக்கு வரும். வாழ்க்கையில் பெருமையான நாளில் எடுத்த படத்தில் நாம் அணிந்திருப்பது நமக்குச் சொந்தமில்லாத உடை. அதனால் பட்டத்தின் மதிப்பு குறைந்துவிட்டதா?

அந்த அங்கியும் இப்போது மாறிவருகிறது. 2010இல் போபாலில் நடந்த பட்டமளிப்பில் அப்போதைய மத்திய அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ், இது காலனியக் காலத்து மிச்சம் என்று சொல்லி மேடையிலேயே அங்கியைக் கழற்றினார். கைத்தறித் துணியில் விழா உடை தைக்கும்படி பல்கலைக்கழக மானியக் குழு பல்கலைக்கழகங்களுக்கு எழுதியது. 2024 ஆகஸ்டில் மத்திய சுகாதார அமைச்சகம் தன் கீழுள்ள மருத்துவக் கல்வி நிறுவனங்களுக்கும் கறுப்பு அங்கியை விட்டு அந்தந்த மாநில மரபுக்கேற்ற உடைக்கு மாறச் சொன்னது. ஏர்பேட்டிலிருந்து வெங்கடகிரிச் சாலையில் போனால் புவிசார் குறியீடு பெற்ற வெங்கடகிரிப் புடவை நெய்யும் ஊர். குடிமல்லத்துச் சிற்பி கல்லில் காட்ட முயன்ற அந்த மென்மையை இவர்கள் பருத்தி நூலில் நெய்கிறார்கள். இந்த வட்டாரக் கல்லூரிகளின் விழா உடை இந்தத் தறிகளில் பிறந்து, வருடா வருடம் புதுப் பிள்ளைகளின் தோளில் ஏறி இறங்கினால், நெசவாளிக்கு வேலை, மாணவனுக்குச் செலவு மிச்சம்.

வாசலில் உடையை இரவல் தருவது திருமலை தேவஸ்தானத்தால் முடியாது என்று யாரும் சொல்ல முடியாது. அலிபிரியில் நடைப்பயணம் தொடங்குபவர்களின் பைகளை வாங்கிக்கொண்டு, மலை மேல் அவர்கள் கையில் இலவசமாகத் திருப்பிக் கொடுக்கிற நிர்வாகம் அது. செல்போன்களை வாங்கிவைத்துத் தவறாமல் ஒப்படைக்கிறது. 1985 முதல் நித்திய அன்னதானம் நடத்துகிறது. இத்தனை பேருடைய பை, போன், பசி எல்லாவற்றுக்கும் கவுன்டர் வைத்தவர்களுக்கு வேட்டிக்கும் துப்பட்டாவுக்கும் ஒரு கவுன்டர் பெரிய காரியமில்லை. முன்பணம் வாங்கிக்கொண்டு, துவைத்து மடித்த வேட்டியைக் கொடுக்க வேண்டும். திரும்பி வரும்போது முன்பணத்தைத் தர வேண்டும். துவைத்து இஸ்திரி போடும் வேலையை உள்ளூர் மகளிர் குழுக்களுக்குக் கொடுக்கலாம். ஒருமுறை கட்டியதை வெளுக்காமல் அடுத்தவருக்குத் தரக் கூடாது என்பதில் மட்டும் கண்டிப்பு வேண்டும். ஏர்பேட்டு விடுதிப் பையன்கள் எந்த அதிகாரியும் சொல்லாமல் தாங்களாகவே எழுதிக்கொண்ட விதி அதுதான்.

கோயிலோ கிளப்போ கல்லூரியோ, உடை விதி எழுத எந்த நிர்வாகத்துக்கும் உரிமை உண்டு. எழுதியவர்களே அந்த உடையையும் வாசலில் வைக்க வேண்டும். வைக்க முடியாதவர்கள், வந்தவரை வந்த கோலத்தில் உள்ளே விட வேண்டும். இதற்கு நடுவில் நியாயமான வழி எதுவும் எனக்குத் தெரியவில்லை. அந்த ஏற்பாடு வரும்வரை, ஏழுமலையானைப் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்களுக்கு எடுத்து வைக்கும்போது கூடவே ஒரு வேட்டியும் ஒரு துப்பட்டாவும் பையில் வையுங்கள். வரிசைக்கு முன்னால் ஜீன்ஸில் விழித்துக்கொண்டு நிற்பவரைப் பார்த்தால், கேட்காமலே எடுத்துக் கொடுங்கள்.